யாருக்கு யார் தேவை? ஃபேண்டஸி கேம்பெயினுக்கு ஓர் உலகம் அமைப்பது

கேள்வி: கோத்தகிரியில் நண்பர்கள் ஐந்து பேர் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆடத் தொடங்கியிருக்கிறோம். கேம் மாஸ்டர் நான்தான். கடையில் கிடைக்கும் உலகத்தை வாங்கி ஆடலாமா, சொந்தமாக ஒன்றை உருவாக்கலாமா? ஒரு ஃபேண்டஸி உலகம் நன்றாக அமைய என்ன வேண்டும்? நம் நீலகிரியையே களமாக வைக்கலாமா? முதல் செஷனுக்கு முன்னால் எவ்வளவு எழுதி வைக்க வேண்டும்?

பதில்:

யாருக்கு யாரிடம் என்ன வேண்டும், அதைக் கேட்க அவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த உலகம் ஆடத் தகுந்தது. அது தெரியாமல் மூன்று நிலவும் ஐயாயிரம் வருஷ வரலாறும் ஏழு அரச பரம்பரையும் எழுதி வைத்திருந்தாலும், அரை மணி நேரத்தில் பிளேயர்கள் போனை எடுத்துவிடுவார்கள். இந்தப் பதில் முழுக்க இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லப்போகிறேன்.

ஆட்டம் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்காக இரண்டு வரி. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, முடிவு எப்படியும் போகலாம் என்கிற இடத்தில் பகடை உருட்டி ஆடுவது இது. மாஸ்டராக இருப்பவர் மற்ற எல்லாமாகவும் இருப்பார்: ஊர், காடு, கடைக்காரர், பேய். ஒரு தடவை கூடி உட்கார்ந்து ஆடுவது செஷன். ஒரே கதை மாதக்கணக்கில் தொடர்ந்தால் கேம்பெயின். அது நடக்கிற உலகத்துக்கு செட்டிங் என்று பெயர்.

புது மாஸ்டர்கள் பெரும்பாலும் நாவல் எழுதுகிற மனநிலையில்தான் செட்டிங் எழுத உட்காருகிறார்கள். நாவலில் நாயகன் எந்தப் பக்கம் போவான் என்பது எழுதுகிறவர் கையில் இருக்கிறது. மேசையில் அது உங்கள் கையில் இல்லை. வடக்கே இருக்கும் அரண்மனைக்கு நீங்கள் நாலு பக்கம் எழுதியிருப்பீர்கள். அவர்கள் தெற்கே இறங்கிப் போய்ச் சந்தையில் கழுதைக்குப் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சந்தையிலும் ஏதாவது ஒரு தேவையிலோ மனத்தாங்கலிலோ அவர்கள் கால் இடற வேண்டும். அதுதான் செட்டிங்கின் வேலை. பிளேயர்கள் கேட்கிற கேள்விகளைக் கவனித்துப் பாருங்கள். "இந்த அரச வம்சம் எப்போது தொடங்கியது?" என்று யாரும் கேட்பதில்லை. "இந்த ஊர்ல யாரு கையில காசு இருக்கு? அந்த வீட்ட ஏன் பூட்டி வச்சிருக்காங்க? அந்தப் பக்கம் போனா என்ன ஆகும்?" இதுதான் கேட்கிறார்கள்.

வாங்கி ஆடலாமா என்றால், தாராளமாக. வேலை, வீடு என்று ஓடுகிறவர்களுக்கு அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் அந்த உலகங்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்துகொண்டால் சொந்தமாகச் செய்யத் தைரியம் வரும். இந்த வகை ஆட்டங்களில் மிகப் பிரபலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானது 1974இல். அதை உருவாக்கிய இருவரில் டேவ் ஆர்னசன் அதற்கு முன்பே பிளாக்மூர் என்ற களத்தில் நண்பர்களை வைத்து ஆடிக்கொண்டிருந்தார். கேரி கைகாக்ஸ் தன் பங்குக்கு ஒரு பாழடைந்த கோட்டையையும் அதற்கு அடியில் அடுக்கடுக்காகப் பாதாள அறைகளையும் வரைந்தார். உள்ளே போய் அடிபட்டு வந்தவர்கள் தங்குவதற்குப் பக்கத்தில் ஓர் ஊர் தேவைப்பட்டது. ஊருக்கு வெளியே நாடு தேவைப்பட்டது. இப்படி வளர்ந்த கிரேஹாக் என்ற உலகம் தனிப் புத்தகமாக, பெரிய வரைபடத்தோடு கடைக்கு வந்தது 1980இல்தான். அதாவது முதலில் குழி, பிறகு ஊர், கடைசியாக உலகம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறோம்.

கடையில் கிடைப்பவற்றில் எனக்குப் பிடித்தவை ஒரே ஒரு பற்றாக்குறையையோ ஒரே ஒரு மிகுதியையோ எடுத்து, அதைக் கடைசி வரை விடாமல் இழுத்துக்கொண்டு போனவை. 1991இல் வந்த டார்க் சன் பாலைவன உலகம். உலோகம் கிடைப்பதே அரிது, அதனால் கத்தி எலும்பிலும் எரிமலைக் கண்ணாடியிலும். மந்திரம் போட்டால் சுற்றியிருக்கும் செடிகொடியின் உயிர் உறிஞ்சப்பட்டு மண் சாம்பலாகும். அங்கே போய் இறங்கினால் யாரும் கதை சொல்லத் தேவையில்லை. கிணறு யாருடையது என்று கேட்டாலே சண்டை தொடங்கிவிடும். எபெரான் இதற்கு நேர் எதிர். 2002இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பதிப்பாளர்கள் புது உலகம் கேட்டுப் போட்டி வைத்தபோது வந்து குவிந்த 11,000க்கும் மேற்பட்ட யோசனைகளில் கீத் பேக்கர் அனுப்பியது தேர்வாகி, 2004இல் புத்தகமானது. அதில் மந்திரம் மலிவு. தொழிலாக, கம்பெனியாக, ரயிலாக ஓடுகிறது. ரயில் இருக்கிறதென்றால் டிக்கெட் யார் போடுவது, தண்டவாளம் யார் நிலத்தில் போகிறது என்ற கேள்விகளும் கூடவே வந்துவிடுகின்றன. நம் மலைக்காரர்களுக்கு அது சொல்லாமலே புரியும்.

1987 முதல் வந்துகொண்டிருக்கும் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் போன்ற கலைக்களஞ்சிய உலகங்களை மட்டும் புது மாஸ்டருக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். மோசமானவை என்பதால் இல்லை. உங்கள் ஐந்து பேரில் ஒருவராவது அந்த உலகத்தில் நடக்கும் நாவல்களையும் வீடியோ கேம்களையும் கரைத்துக் குடித்திருப்பார். "அண்ணா, அந்த நகரத்துல அந்த வருஷம் அவரு உயிரோடவே இல்லையே" என்று அவர் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு மேசை உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

இனி நம் மலைக்கு வருகிறேன். ஒரு செட்டிங் எப்படி இயங்க வேண்டும் என்பதற்கு 19ஆம் நூற்றாண்டு நீலகிரி மேட்டுநிலத்தைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. தோடர்கள் எருமை வளர்த்தார்கள். பால், நெய் அவர்களிடம். படுகர்கள் ராகி, சாமை விளைவித்தார்கள். கோத்தர்கள் ஏழே ஊர்களில் இருந்துகொண்டு இரும்பு, மண்பானை, மரவேலை எல்லாவற்றையும் எல்லாருக்கும் செய்து கொடுத்தார்கள். சாவு வீட்டுக்கு வாத்தியம் வாசித்தவர்களும் அவர்கள்தான். குறும்பர்கள் சரிவுக் காடுகளிலிருந்து தேன், மூங்கில், மூலிகை கொண்டுவந்தார்கள். படுகர் நிலத்தில் விதைப்புச் சடங்கைத் தொடங்கி வைப்பதும் அவர்கள்தான். இதில் பெரும்பகுதி ரொக்கம் கைமாறாமல் நடந்தது. ஒரு படுகர் குடும்பத்துக்கு இன்ன கோத்தர் குடும்பம் என்று பரம்பரை ஏற்பாடு இருந்தது. அறுவடையில் ஒரு பங்கு போகும், கலப்பைக் கொழு வரும்.

எல்லாரும் கூடிக் குலாவினார்கள் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் சாப்பிடாத கட்டுப்பாடுகள் இருந்தன. குறும்பர்களின் மந்திரத்துக்கு மற்றவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தோடேயே விதைப்புக்கு அவர்களைத்தான் கூப்பிட்டார்கள். பிறகு 1930கள் வாக்கில் படுகர்களில் ஒரு பகுதியினர் சடங்குகளுக்குக் கோத்தர் வாத்தியம் வேண்டாம் என்று ஒதுக்க, வேண்டும் என்பவர்களுக்கும் வேண்டாம் என்பவர்களுக்கும் இடையில் பெரிய பிளவே ஏற்பட்டது. யோசித்துப் பாருங்கள்: சாவுக்கு வாத்தியம் வாசிக்க வேண்டுமா என்ற கேள்வியில் ஒரு சமூகம் இரண்டாகிறது. டிராகன் எதுவும் வரவில்லை, இருண்ட பிரபு யாரும் படையெடுக்கவில்லை. இந்த அளவு அழுத்தம் உள்ள ஒரு பிரச்சினை உங்கள் உலகத்தில் இருந்தால் ஆறு மாதம் ஓடும்.

இந்த எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு சதையை முழுக்க மாற்றி நான் நடத்திய ஒன்றைச் சொல்கிறேன். மேலே புல்வெளியில் மந்தை வளர்ப்பவர்கள். நடுச்சரிவில் மணி வார்க்கும் ஊர். கீழே தினை விளைவிப்பவர்கள். காட்டுக்குள் கரிக்கட்டை சுடுகிறவர்கள். மேல்ஊரில் யார் இறந்தாலும் அவர் பெயர் சொல்லி ஒரு மணி வார்த்து மந்தைக்கு முன்னால் போகும் மாட்டின் கழுத்தில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் செத்தவர் ராத்திரியில் மந்தைக்குள் வந்து நிற்பார். மாடு பால் சொரியாது. இப்போது மேல்ஊரில் பெரியவர் இறந்துவிட்டார். மணி வரவில்லை. கீழ்ஊர் இரண்டு அறுவடையாகத் தினை கொடுக்காததால் மணியூர்க்காரர்கள் கரிக்காரர்களுக்குப் பாக்கி வைத்திருக்கிறார்கள், அதனால் கரி வரவில்லை, அதனால் உலையில் நெருப்பு இல்லை. கீழ்ஊர் ஏன் தினை கொடுக்கவில்லை என்பதற்கு அவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது.

பிளேயர்களுக்கு இதில் ஒன்றுமே தெரியாது. அவர்கள் வந்ததே உடைந்த வாளை ஒட்டித்தரச் சொல்லித்தான். உலைக்கூடத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாள். வாளை வாங்கி, நகத்தால் ஒரு தட்டு தட்டி, காதருகே வைத்துக் கேட்டாள்.

"ஒட்டலாம். இதுல இன்னும் சத்தம் இருக்கு. ஆனா எங்க உலையில நெருப்பு இல்ல."

"ஏன் பாட்டி?"

"அத நான் சொல்லமாட்டேன். நேரம் இருந்தா மேல போயி அவங்க மாட்டப் பாத்துட்டு வாங்க."

அவ்வளவுதான் நான் எழுதி வைத்திருந்தது. திருடன் பாத்திரம் எடுத்திருந்த பையன் யோசித்துவிட்டு, "வேற ஊர்ல எப்பவோ செத்தவரோட பழைய மணி ஒண்ண ராத்திரியோட ராத்திரியா அவுத்துட்டு வந்து இங்க கட்டிட்டா?" என்றான். கட்டினார்கள். பகடையும் அவர்களுக்குச் சாதகமாக விழுந்தது. மந்தை அமைதியானது. இப்போது அந்த இன்னொரு ஊரில் மணி இழந்த பழைய செத்தவர் எங்கே போவார்? அடுத்த சில வாரங்களுக்கு நான் புதிதாக எதுவும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தேவைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருந்தால் எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் மறுமுனையில் ஏதாவது அசையும். பிளேயர்கள் தந்திரம் செய்யச் செய்ய உலகமும் பெரிதாகும்.

அடுத்தது நிலம். வரைபடம் வரைகிறவர்கள் காகிதத்தில் அறுகோணக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஆறு மைல் என்று வைத்துக்கொள்வது இந்த ஆட்டத்தில் பழைய வழக்கம். சமவெளிக்கு அது சரி. மலையில் மைல் என்ற கணக்கு வேலைக்கு ஆகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை ரயில் பாதை 46 கிலோமீட்டர். ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது, இறங்க அவ்வளவு ஆவதில்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பல்சக்கரம் போட்டுத்தான் ஏறவே முடியும். 1899இல் குன்னூர் வரைக்கும் வந்த பாதை ஊட்டியைத் தொட 1908 ஆனது. உங்கள் வரைபடத்தில் தூரத்தை எழுதாதீர்கள். ஏற எவ்வளவு நேரம், இறங்க எவ்வளவு நேரம், சுமையோடு எவ்வளவு, மழையில் எவ்வளவு என்று எழுதுங்கள். ஏற ஒரு நாள், இறங்க அரை நாள் என்றாலே பிளேயர்கள் முடிவெடுக்கத் தொடங்கிவிடுவார்கள். துரத்துகிறவன் மேலிருந்து வருகிறானா கீழிருந்து வருகிறானா என்பது சண்டையின் விதியையே மாற்றும்.

மலைக்கு ஏறும் வழிகள் எண்ணிக்கையில் குறைவு. அதனால் வழியைப் பிடித்திருப்பவருக்கு அதிகாரம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஒரு வளைவில் நாலு பேர் வில்லோடு நின்றால் மேலே இருக்கும் ஊருக்கு உப்பு வராது. உப்பு, இரும்பு, துணி என்று மலைக்குக் கீழிருந்துதான் வந்தாக வேண்டிய பொருள்கள் இரண்டு மூன்றை முடிவு செய்துவிட்டு, அவை எந்த வழியாக வருகின்றன என்று கோடு போடுங்கள். அந்தக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் சுங்கச்சாவடி, அதற்குப் பக்கத்தில் சத்திரம், சத்திரத்தில் வதந்தி. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர இ-பாஸ் கேட்கிறார்கள் அல்லவா, மந்திர உலகத்தில் அந்த பாஸை யார் கொடுப்பார், கொடுக்க என்ன கேட்பார் என்று யோசித்தால் ஒரு நல்ல வில்லன் கிடைப்பார். நிஜ வாழ்க்கையில் அது வெறும் க்யூஆர் கோடு.

வானிலையையும் நாம் வீணடிக்கிறோம். நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம், கூடலூர், அவலாஞ்சி எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் மூழ்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. உங்கள் கோத்தகிரிக்கும் என் குன்னூருக்கும் கனமழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில்தான். ஒரே மலையில் இந்தப் பக்கம் பயணம் செய்ய முடிகிற மாதத்தில் அந்தப் பக்கம் முடியாது. உங்கள் உலகத்திலும் இப்படி ஒரு கோடு இருக்கட்டும். ஜனவரி உறைபனியில் வெட்டவெளியில் படுத்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்று ஒரு விதியும் போதும். மூடுபனிக்கு நான் வைத்திருப்பது மிக எளிய விதி: ஒவ்வொரு பொழுதுக்கும் ஆறுமுகப் பகடை ஒன்று, ஒன்றோ இரண்டோ விழுந்தால் பத்தடிக்கு மேல் கண் தெரியாது, காதை நம்பித்தான் எல்லாம். வில்வித்தைக்காரருக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போகும். காட்டெருமையின் மூச்சு எந்தப் பக்கம் கேட்கிறது என்று மேசையில் எல்லாரும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிப்பார்கள். தனியாகப் பின்னணி இசை போடத் தேவையே இல்லை.

டன்ஜன் என்ற பாதாளக் குகைக்கு நம்மூர்ப் பதில் சோலை. மேலே பரந்த புல்வெளி, மடிப்புகளில் மட்டும் நெருக்கமான குட்டைமரக் காடு, அதன் அடியிலிருந்து ஓடை. மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையிலும் விட்டுக்கொண்டிருப்பது அந்தக் காடுதான். ஆகவே சோலைக்குள் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் தெரியவருவது கீழே இருக்கும் ஊரின் தண்ணீரில். கொடைக்கானல் பக்கம் மதிகெட்டான் சோலை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உள்ளே போனால் வழி தப்பும், புத்தி பேதலிக்கும் என்று சொல்வார்கள். நல்ல டன்ஜனுக்கு இரண்டு காரணங்கள் வேண்டும்: ஊரார் உள்ளே போகாமல் இருக்க ஒன்று, போயே ஆகவேண்டும் என்பதற்கு ஒன்று. புதையல் என்பது பலவீனமான இரண்டாவது காரணம். ஓடை நின்றுபோனது என்பது பலமானது.

நிலத்தை இப்படிப் பார்ப்பது நமக்குப் புதிதும் இல்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் என்று தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என அடுக்குகிறது. குறிஞ்சிக்கு முருகன், தினை, வேங்கை, தேன் எடுத்தல் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். உங்கள் உலகத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் இந்த எட்டையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிவிட்டால் நாடு பற்றிய குறிப்பு முடிந்தது. சத்திரத்தில் என்ன சாப்பாடு, ராத்திரி என்ன சத்தம் கேட்கும் என்று யோசித்து முழிக்க வேண்டாம். அதோடு குறிஞ்சிக்குப் புறத்தில் இணையாக வைத்திருப்பது வெட்சி, அதாவது ஆநிரை கவர்வது. மாட்டைக் கவர்ந்து போகிறவன் ஒருவன், மீட்கப் போகிறவன் ஒருவன், விழுந்தவனுக்கு நடுகல். முதல் லெவல், அதாவது இன்னும் அனுபவமோ பலமோ சேராத புதுப் பாத்திரங்களுக்கு இதைவிடக் கச்சிதமான சாகசத்தை நான் எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. பிளேயரின் பாத்திரம் செத்தால் நடுகல் நடுங்கள். பிறகு வரும் பாத்திரங்கள் அதைக் கடந்து போகட்டும்.

மந்திரத்துக்கு விலை வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு விலையாக ரத்தத்தையோ ஆயுளையோ வைப்பார்கள். சலித்துவிட்டது. தோடர்களிடம் பால் கறந்து மோர் கடையும் கொட்டிலே கோயில். மிக உயர்ந்த கொட்டில்களின் பூசாரி தனியாக வாழ வேண்டும், சாதாரண ஆள் அவரைத் தொட்டுவிட்டால் பதவியே போய்விடும் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. இதை மேசைக்கு மாற்றிப் பாருங்கள். உங்கள் குழுவில் குணப்படுத்தும் சக்தி உள்ளவரை யாருமே தொடக்கூடாது. அவர் ஓடைப் பாறையில் வழுக்குகிறார். கை நீட்டிப் பிடிப்பீர்களா? நான் இதைக் கேட்டபோது மேசையில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. விலை என்பது அந்த மாதிரி நேரத்தில் வந்து நிற்க வேண்டும்; பாத்திரத்தின் பலங்களை எண்களாக எழுதிவைக்கும் தாளில் ஒரு எண்ணைக் குறைப்பது வெறும் கணக்கு.

காலக்கணக்குக்கும் குறிஞ்சிப்பூ இருக்கிறது. 12 வருஷத்துக்கு ஒரு தடவை; 2006, 2018, அடுத்தது 2030. மலை நீலமாகும் வருஷத்தில் மட்டும் திறக்கிற ஒன்று, அல்லது அந்த வருஷத்துக்குள் தீர்க்க வேண்டிய கடன் ஒன்று இருந்தால் போதும். தனியாக ஒரு பஞ்சாங்கம் எழுத வேண்டாம்.

வரலாறு எவ்வளவு வேண்டும்? காலில் தட்டுப்படுகிற அளவு. நீலகிரி உச்சிகளில் கல்வட்டங்கள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் அவற்றைத் தோண்டியபோது வெண்கலக் கிண்ணங்களும், மூடியில் எருமை உருவம் வைத்த மண்பாண்டங்களும் கிடைத்தன. கட்டியவர்கள் யார் என்பதில் இன்றுவரை ஒருமித்த பதில் இல்லை. உங்கள் உலகத்தில் இப்படி ஒரு கல்வட்டத்தை வைத்து, நாலு ஊர் ஆட்களும் நாலு கதை சொல்லட்டும். உண்மை எது என்பதை நீங்களும் முடிவு செய்யாமல் வைத்திருங்கள். பிளேயர்கள் எந்தக் கதையை அதிகம் நம்புகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். அது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நிஜ வரலாற்றிலிருந்து சாகசத்தின் தொடக்கத்தை அப்படியே எடுக்கவும் செய்யலாம். 1603இல் ஜாகோமே ஃபெனீசியோ என்ற ஏசுசபைப் பாதிரியார் மலையாளக் கரையிலிருந்து நம் மலைக்கு ஏறிவந்தார். எப்போதோ பிரிந்துபோன கிறிஸ்தவர்கள் இந்த மலைமேல் இருக்கிறார்கள் என்ற வதந்தியைக் கேட்டு வந்தவர், இங்கே கண்டது எருமை மேய்க்கும் தோடர்களை. தேடிவந்தது ஒன்று, கிடைத்தது வேறு, இரண்டு தரப்புக்கும் மற்றவர் யார் என்றே தெரியாது. பாதிரியாரை மட்டும் மாற்றிவிட்டு இதை முதல் செஷனாக வைத்தால் நன்றாக ஓடும். இன்னும் பின்னால் போனால், 1117ஆம் ஆண்டு ஹொய்சளக் கல்வெட்டில் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைப் பிடித்ததாக வருகிறது. வென்றவர் தரப்பு மட்டும்தான் கல்லில் இருக்கிறது. மலைமேல் இருந்தவர்கள் அதே நிகழ்ச்சியை எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்பதில் உங்களுக்கு இடம் இருக்கிறது.

ஆனால் நீலகிரியை அப்படியே களமாக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: எலும்பை எடுங்கள், பெயரை எடுக்காதீர்கள். ஆங்கில ஃபேண்டஸியில் வரும் எல்ஃப், ட்வார்ஃப் இனங்கள் இருக்கும் இடத்தில் தோடர், கோத்தர் என்று எழுதிவிட்டால் நம்மூர்த்தனம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வருவது தொல்லைதான். நீங்கள் இருப்பது கோத்தகிரி. உங்கள் மேசையிலேயே ஒரு படுகர் வீட்டுப் பிள்ளையோ கோத்தர் வீட்டுப் பிள்ளையோ உட்கார்ந்திருக்கலாம். அவருடைய பாட்டியின் சடங்குக்கு நீங்கள் பகடை உருட்டிக்கொண்டிருப்பீர்கள். குறும்பர் என்றால் சூனியம் என்று எழுதுவது அதைவிட மோசம். அந்தப் பயத்தின் பேரில் 19ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கொல்லப்பட்ட சம்பவங்கள் பதிவில் இருக்கின்றன. இன்னாருக்கு மந்திரம் தெரியும் என்று ஊர் நம்புவது கதைக்குச் சிறந்த பொருள். அந்த நம்பிக்கை உண்மை என்று மாஸ்டர் தீர்ப்பு எழுதுவது வேறு. என் காட்டுக்காரர்களுக்கு மந்திரம் தெரியாது. தெரியும் என்று மற்றவர்கள் நினைப்பது அவர்களுக்குத் தெரியும், சில சமயம் அதை வைத்துப் பிழைக்கவும் செய்வார்கள். அவர்களோடு பேசிப் பழகிய பிறகுதான் பிளேயர்களுக்கு இது விளங்கும்.

ஊர்ப்பெயர்களையும் தெய்வங்களையும் நீங்களே உருவாக்குங்கள். நிலத்தையும் மழையையும் பனியையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம், அவை யாருடைய மனதையும் புண்படுத்தாது.

எவ்வளவு எழுதி வைக்க வேண்டும்? ஒரு பக்கம், அதுவும் ஒரே ஒரு ஊருக்கு. அந்த ஊரில் மூன்று பேர், ஒவ்வொருவருக்கும் மற்ற இருவரில் ஒருவரிடமிருந்து ஏதாவது தேவை, ஆனால் நேரே கேட்கமுடியாத ஒரு காரணம். யாரும் போகாத ஓர் இடம். பிளேயர்கள் தலையிடாவிட்டால் பத்து நாளில் என்ன நடக்கும் என்று ஒரு வரி. இதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள், இல்லையென்றால் அவர்கள் வரும்வரை உலகமே காத்திருப்பது போல ஆகிவிடும். சத்திரத்தில் கேட்க ஆறு வதந்தி, அதில் இரண்டு பொய். பக்கத்து ஊர்களுக்குப் பெயரும் திசையும் போதும். பேரரசனுக்கு இப்போதைக்குப் பெயர்கூட வேண்டாம்.

செஷன் முடிந்த அன்றைக்கு ராத்திரியே, பிளேயர்கள் போகிறபோக்கில் சொன்னதை எழுதி வையுங்கள். "எங்க அப்பா இந்தச் சந்தையிலதான் மாடு விப்பாரு" என்று ஒருத்தி சும்மா சொல்லியிருப்பாள். அது இப்போது உங்கள் உலகத்தில் நடந்த உண்மை. அந்த அப்பாவிடம் மாடு வாங்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும், அவருக்கு இன்னும் பணம் பாக்கி இருக்கலாம். இரண்டாவது செஷனுக்கான பக்கத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

எந்த விதிகளை வைத்து ஆடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம் என்பதால் சொல்கிறேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் மாற்றிக்கொள்ளலாம், உங்கள் மலைக்குத் தகுந்தபடி திருத்தலாம், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு வெளியிடவும் செய்யலாம். பனி, ஏற்றம், சுமை மூன்றுக்கும் அதில் இருப்பது குறைவு. அந்த மூன்றுக்கு மட்டும் சொந்தமாக விதி எழுதி ஆடத் தொடங்குங்கள்.